அறிந்ததும் அறியாததும்

மனிதர்க்குள்ள பற்றுகள் பலவகைப்படும். சிலர் தபால் தலை சேர்ப்பர். சிலர் பழைய நாணயம் சேர்ப்பர். சிலர் அயலார்மீது பகையைச் சேர்த்து வைப்பர். தோட்டத்துக் கிராணியாகிய எனக்கோ, விந்தைச் செய்திகளைச் சேர்ப்பதிலே தீராத மோகம். இப்பொருளுக்குப் பெட்டியும் பூட்டும் வேண்டியதில்லை; திருடர் பயமும் இல்லை. ஆண்டு முடிந்து தள்ளுபடியாகும் கணக்கேடுகளில் எழுதாது எஞ்சிய பக்கங்களே என் கருவூலம்.

இப்பழக்கம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். தாய்மாமன் செய்த பொருளுதவியால் பட்டணத்தில் ஆங்கில வழிப் பள்ளியொன்றிற் பயின்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு உடன்பயின்றோர் நகைப்பர். நான் தோட்டத்துப் பையன் என்பதை ஒருநாளும் மறக்க விடமாட்டார்கள். ஆனால் பொது அறிவுப் போட்டி வந்த நாளில் அவர்களெல்லாரும் வாயடைத்து நிற்க, நான் ஒருவனே விடை கூறிப் பரிசு பெற்றேன். அன்று முதல், பிறர் அறியாததைத் தான் அறிந்திருப்பதே அறிவு என்றோர் எண்ணம் என்னுள் வேரூன்றிவிட்டது. அது எத்துணைப் பிழை என்பதை உணர எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றைக் கூறவே இதனை எழுதலானேன்.

முதற்கண் என் ஏட்டிலுள்ள சிலவற்றை வாசகர்க்குக் காட்டுகிறேன்.

நம்மவர் பால்மரம் என அழைக்கும் மரத்தின் பாலுக்கு ஆங்கிலத்தில் ‘ரப்பர்’ என்று பெயர் வந்தது எவ்வாறு? 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிப்பதற்கு இப்பொருள் மிகவும் ஏற்றது என்று எழுதினார். ‘ரப்’ என்றால் தேய்த்தல். தேய்ப்பது ரப்பர் ஆயிற்று. பிற்காலத்தில் உலகத்து வண்டிகளையெல்லாம் தாங்கி ஓடிய பொருள், பள்ளிப் பிள்ளையின் பிழையை அழித்த சிறு தொழிலாற் பெயர் பெற்றது! 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அவற்றிற் சிறு பங்கே முளைத்தது. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, இம்மரத்தைப் பயிரிடுமாறு காண்போரையெல்லாம் வற்புறுத்தி, ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டம் பெற்றார். அவர் நூறாண்டு வாழ்ந்து 1956இல் மறைந்தார். தம்மை நகைத்தோர் பலர் அம்மரத்தாலேயே செல்வரானதைக் கண்டுவிட்டே மறைந்தார்.

இனிச் சொற்களைப் பார்ப்போம். மலாய் மொழியில் பணத்துக்கு ‘டூயிட்’ என்பர்; தமிழ்நாட்டிற் ‘துட்டு’ என்பர். ஒன்றினின்று மற்றொன்று பிறந்ததென்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படியன்று; இரண்டும் டச்சுக்காரரின் சிறு செப்புக்காசு ஒன்றின் பெயரிலிருந்து வந்தவை. நாம் மேசை, ஜன்னல், அலமாரி என்கிறோம்; மலாய்க்காரர் மேஜா, ஜெண்டேலா, அல்மாரி என்கின்றனர். இருவரும் போர்த்துக்கீசியரிடம் கடன் வாங்கியோரே. நாம் கொடுத்ததும் உண்டு: கப்பல், கடை, கட்டில் என்னும் சொற்கள் மலாய் மொழியில் இன்றும் குடியிருக்கின்றன. நான் வயிறு வளர்க்கும் ‘கிராணி’ என்னும் பதவிப் பெயரோ, வடஇந்தியாவிற் பிறந்து மலாய் மொழியிலும் குடியேறிய சொல்.

கடிகாரத்தின் கதை இன்னும் விந்தையானது. இந்நாட்டில் 1933இல் நேரத்தை 20 நிமிடம் முன்தள்ளினர். 1941இல் மேலும் 10 நிமிடம் தள்ளினர். 1942இல் ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைப் புகுத்தவே, ஒரே நாளில் ஒன்றரை மணி ஓடிற்று. 1945இல் அது திரும்பி வந்தது. 1981ஆம் ஆண்டின் கடைசி இரவில், பதினொன்றரை மணி அடித்தவுடன் பன்னிரண்டு ஆக்கி, 1982ஐ அரைமணி முன்னதாகவே வரவேற்றனர். சூரியன் இவ்வுத்தரவுகளில் எதனையும் படித்தானல்லன். ஆதலால்தான் தீபகற்பத்தில் இன்று பொழுது விடிய ஏழு மணியாகிறது. தோட்டத்துப் பெரட்டுக்கு வருவோர் இருட்டிலேயே நிற்கின்றனர்.

இவை போன்றவற்றைச் சம்பள நாளில் வரிசையில் நிற்போரிடம் எடுத்துரைப்பேன். கேட்டவர் வியப்பர். அவ்வியப்பு எனக்கு வெல்லம் போலிருக்கும்.

நிற்க. எங்கள் தோட்டத்தில் சிறு படிப்பகம் ஒன்றுண்டு. ஒருகாலத்தில் லயங்கள் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடத்தில், இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. காய் வெட்டுவோரிற் பெரும்பாலார் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாருமே. ஆயினும் சனிக்கிழமை மாலையிற் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவர். சென்ற ஆண்டில் ஒருநாள் அவர்கட்குச் செம்பனையைப் பற்றிச் சொற்பொழிவாற்றத் துணிந்தேன்.

‘பிள்ளைகளே! நம் வீட்டைச் சுற்றி நிற்கும் இம்மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாத் தீவின் போகோர் பூந்தோட்டத்தில் நான்கே கன்றுகள் நடப்பட்டன. இப்பகுதியின் செம்பனைகள் பெரும்பாலும் தாய்வழியில் அந்நான்கின் சந்ததி. 1917இல் சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் இதனை முதன்முதல் வாணிபப் பயிராக நட்டவர், ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவரே பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சு நாட்டின் கோன்கூர் பரிசையும் பெற்றார்’ என்று தொடங்கினேன்.

பின்பு என் கருவூலத்தின் தலைமணியை எடுத்தேன். ‘செம்பனையில் ஆண்பூக்குலை வேறு, பெண்பூக்குலை வேறு. காற்றே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்று முன்பு கருதினர். ஆயினும் ஆப்பிரிக்காவிற் காய்த்ததுபோல் இங்கே நன்கு காய்க்கவில்லை. ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட அதிகாரி, அங்கே பூக்களில் மொய்த்த சிறு வண்டுகளை நினைவிற் கொண்டு, இது பூச்சியின் வேலையாயிருக்கலாம் என ஐயுற்றார். ரகுமான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் கமரூனில் ஆராய்ந்து அவ்வையம் உண்மையே என்று மெய்ப்பித்தார். 1981இல் அவ்வண்டு ஜொகூருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நீளம் மூன்று மில்லிமீட்டர் அளவே! ஆண்பூவில் உண்டு, முட்டையிட்டு, உடலெல்லாம் மகரந்தம் பூசிக்கொள்ளும். பெண்பூவும் அதே சோம்பு வாசனை வீசும். உணவென்று நம்பிச் சென்று, ஒன்றுமில்லாது ஏமாந்து, மகரந்தத்தை மட்டும் உதிர்த்துவிட்டுத் திரும்பும். அவ்வேமாற்றத்தாலன்றோ நமக்கு எண்ணெய் கிடைக்கிறது! சில ஆண்டுகளிலே அது நாடெங்கும் பரவிற்று. செலவு குறைந்தது; விளைச்சல் பெருகிற்று’ என்று முடித்தேன்.

பிள்ளைகள் வாய்பிளந்து நின்றனர். அப்போது, பேரனை அழைத்துச் செல்ல வந்து வாசற்படியில் அமர்ந்திருந்த பாட்டியார் ஒருவர் மெல்ல நகைத்தார். அவர் பெயரை அவருடைய விருப்பப்படியே இங்கே குறிக்கவில்லை.

‘ஏன் பாட்டி சிரிக்கிறீர்கள்?’ என்றேன்.

‘ஒன்றுமில்லை, கிராணித் தம்பி. அந்த வண்டு வருமுன்னே இந்தத் தோட்டத்துக்கு வண்டு நான்தான்’ என்றார்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். பாட்டியார் சிரிக்கவில்லை. நிதானமாகக் கூறலானார். பதினேழு வயதிற் பெரட்டுக்கு வந்தாராம். பத்துப் பெண்களடங்கிய கூட்டம். ஆண்பூவை வெட்டி வந்து உலர்த்தி, தூளை உதிர்த்து, முகத்துக்குப் பூசும் மாவைப் போன்றதொரு வெள்ளை மாவிற் கலந்து, ஊதுகுழாய்க் குப்பியில் அடைத்துக் கொடுப்பர். ஒவ்வோர் இளமரத்தடியிலும் குனிந்து, முட்களுக்கிடையே கைவிட்டு, விரிந்த பெண்பூவாகப் பார்த்து ஊத வேண்டும். இன்று விரிந்த பூ நாளை மறுநாள் பயனற்றுப் போகும்; ஆதலால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

‘விரிந்த பூவை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று ஒரு சிறுமி கேட்டாள்.

‘கண்ணால் பார்ப்பதற்கு முன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும் பாப்பா. சோம்பு மணக்கும். சாயங்காலம் குளித்தாலும் அந்த வாசம் போகாது. என் பிள்ளைக்கு வெறுஞ்சோறு ஊட்டினாலும், சோம்பு போட்ட குழம்பா அம்மா என்று கேட்பான்’ என்றார்.

பின்பு என் பக்கம் திரும்பி, ‘செலவு குறைந்தது என்றாயே தம்பி, அந்தச் செலவு நாங்கள் பத்துப் பேர்தான். வண்டு வந்ததும் எங்கள் கூட்டத்தைக் கலைத்தார்கள். என்னை உதிரிப்பழம் பொறுக்கப் போட்டார்கள். நான்கு பேருக்கு வேலையே இல்லாமற் போயிற்று’ என்றார். அக்குரலிற் கோபமில்லை. அதுவே என்னை வருத்திற்று.

ஆராய்ச்சியாளரின் அரிய கண்டுபிடிப்பென்று நான் எழுதி வைத்திருந்த வாசனையை, எழுத்தறியாத பெண்கள் தம் கூந்தலிற் சுமந்து திரிந்திருக்கின்றனர். அச்செய்தி என் அலுவலகத்திலிருந்து இருநூறு அடி தூரத்தில், நாற்பதாண்டாகக் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. நான் கமரூன்வரை சென்று வண்டைத் தேடினேனேயன்றி, வாசற்படியில் அமர்ந்தவரைக் கேட்கவில்லை.

அத்துடன் முடிந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். ‘பாட்டி, எந்த ஆண்டில் வேலைக்கு வந்தீர்கள்?’ என்று கேட்டேன். ‘எழுபத்தெட்டு’ என்றார். என் நெஞ்சில் ஏதோ இடறிற்று.

அவர் 2021இல் ஓய்வு பெற்றார். அவருக்குரிய பணிக்கொடையைக் கணக்கிட்டு எழுதியவன் நானே. அதில் வேலை தொடங்கிய ஆண்டு 1982 என்று எழுதினேன். கோப்பில் அவ்வாறே இருந்தது. நானும் அவரைக் கேட்கவில்லை. பூவுக்கு ஊதும் கூட்டத்தின் பெயர்கள் தனி ஏட்டிற் பதியப்பட்டு, கூட்டம் கலைந்தபோது கோப்புக்கு மாற்றப்படாமலே நின்றுவிட்டன. 22 கன்றுகளை எண்ணிச் சொல்லத் தெரிந்த எனக்கு, ஒரு பெண்மணியின் நான்கு ஆண்டுகளை எண்ணத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. பண்டகசாலையின் பின்னறையைத் திறந்து, கறையான் தின்றது போக எஞ்சிய செக்ரோல் கட்டுகளைப் புரட்டினேன். மாலை நான்கு மணியளவில் 1979ஆம் ஆண்டின் ஏடொன்றும், 1980ஆம் ஆண்டின் ஏடொன்றும் அகப்பட்டன. பத்துப் பெயர்கள் இருந்தன. பாட்டியாரின் பெயரில் ஓரெழுத்துப் பிழை. ஆயினும் அவர் பெயரே. எதிரே நாள்தோறும் ஒரு சிறு கோடு. இடையே ஒரு மாதத்தில் இரண்டு வாரம் வெறுமையாயிருந்தது. ஏட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெற்றிடத்தின்மேல் விரலை வைத்து, ‘இது பெரியவன் பிறந்தபோது’ என்றார்.

அவ்வேட்டின் படிகளோடு என் பிழையையும் ஒப்புக்கொண்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். 1978க்கும் 1981க்கும் ஏடு அகப்படவில்லை. இரண்டாண்டுகளுக்கே சான்று உண்டு. இதுவரை விடையில்லை. இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் எழுதிவிட்டேன். மூன்றாவதை இக்கட்டுரைக்கு முன்னரே எழுதி முடித்தேன். வரவேண்டிய தொகை பெரிதன்று. ‘வந்தால் பேரனுக்கு ஒரு மேசை வாங்கலாம்’ என்கிறார் பாட்டியார். மேசை போர்த்துக்கீசியச் சொல் என்று இம்முறை நான் கூறவில்லை.

வாசக அன்பர்களே! விந்தைச் செய்திகளைச் சேர்ப்பது குற்றமன்று. இன்றும் நான் சேர்க்கிறேன். பிள்ளைகளும் சனிக்கிழமைதோறும் கேட்கின்றனர். ஆனால் இப்போது என் ஏட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்துக் கோடிட்டிருக்கிறேன். ஒருபுறம் நூல்களிற் கண்டது. மறுபுறம் தோட்டத்து முதியோரைக் கேட்டறிந்தது. நூல்கள் நாளையும் இருக்கும். முதியோரோ ஒவ்வொருவராகப் பட்டணத்துப் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருக்கின்றனர். சிலர் அதற்கும் அப்பால் போகின்றனர். உங்கள் வீட்டு வாசற்படியிலும் யாரேனும் ஒருவர் அமர்ந்திருக்கக் கூடும். இன்று மாலையே அவரருகில் அமர்ந்து, எந்த ஆண்டில் வேலைக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆண்டை மறவாது எழுதி வையுங்கள்.