வரி கட்டியாச்சுங்க

விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறினால், அன்றைக்கு எங்கள் தெரு வழியாக யாரோ பெரிய மனிதர் போகப்போகிறார் என்று அர்த்தம். போன மாதம் அப்படி ஒரு காலை, சாலையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள், வாரக்கணக்கில் வழிந்துகொண்டிருந்த சாக்கடை ஒரே இரவில் வற்றியிருந்தது, பள்ளங்களில் ஜல்லியும் தாரும் கொட்டி மிதித்திருந்தார்கள், அந்தக் கோடு நேராகப் போய், மேடை போட்டிருந்த முக்கு வரைக்கும் சென்று, அங்கே நின்றுவிட்டது, அதற்கு அப்பால் இருக்கிற வீடுகளைக் கொசு கடிக்காது போலும். இந்த ஊரின் பெயர் வேண்டாம், எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

ஆனால் நெடியைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடிக்கும், அதன் அடியில் வேறு வாசனைகள் படிந்திருக்கின்றன, நனைந்த சிமெண்ட், புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம், அவற்றுக்கும் அடியில் காய்ந்த மஞ்சள். அப்பாரு ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கெழுதினார், வெள்ளை வேட்டி என்று பேருக்குத்தான், எத்தனை முறை வெளுத்து வந்தாலும் மடிப்புகளுக்குள் மஞ்சள் தூள் தங்கியிருக்கும், அவருடைய பேனா, மூக்குக்கண்ணாடிக் கூடு, எங்களுக்குக் கொடுக்கும் பத்துப் பைசா எல்லாவற்றிலும் அந்த மண் கலந்த கார வாசனை இருந்தது. வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி நகராட்சிக் குழாய், தண்ணீர் வருவதற்கு முன்னால் வெகுநேரம் காற்று சீறும், அந்தச் சீறல் கேட்டதும் குண்டு பல்பின் மங்கல் வெளிச்சத்தில் பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தோடு வருவார்கள், முதல் தண்ணீர் மருந்து நெடியோடு நுரைத்து விழும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது அப்பத்தாவின் தீர்மானம், சமையலுக்கு அது ஆகாது என்று கருங்கல்பாளையம் படித்துறையிலிருந்து ஆற்றுத்தண்ணீர் கொண்டுவரச் செய்வாள், இரண்டும் ஒரே காவிரிதான் என்று அப்பாரு சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

அந்தக் குழாய்மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. ஈரோட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது ஈ.வெ.ராமசாமி நாயக்கர் நகராட்சி சேர்மனாக இருந்த காலத்தில், 1917க்கும் 1919க்கும் இடையில், அதே ஆண்டுகளில்தான் சேலத்தில் ராஜாஜி சேர்மன், பிற்காலத்தில் தமிழ்நாட்டையே இரண்டு பக்கமாக நின்று இழுத்த இருவரும் அப்போது பக்கத்துப் பக்கத்து ஊரில் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. அப்பாரு நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், யாராவது உறவுக்காரர் வந்து பெரியாரைத் திட்ட ஆரம்பித்தால் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாமி இல்லைன்னுதானப்பா சொன்னாரு, தண்ணி இல்லைன்னு சொல்லலையே" என்பார், பேச்சு அதோடு மழை, விலைவாசி என்று திரும்பிவிடும்.

வீட்டு வரியை அவர் யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார். அரையாண்டு பிறந்த முதல் வாரத்தில், ஒன்பது மணிச் சங்கு ஊதியதும் (நகராட்சிச் சங்கை வைத்துத்தான் ஊரே கடிகாரம் திருப்பிய காலம்) குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார், என்னையும் கூட்டிப்போவார், கோந்தும் மையும் பழைய காகிதமும் கலந்து மணக்கும் அந்த உயரமான கூடத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றும், மேலே ஓட்டுக் கண்ணாடி வழியாக ஒரு சதுர வெயில் ரிஜிஸ்டர்கள்மேல் விழுந்துகிடக்கும். பணத்தை எண்ணிக் கொடுத்து, கார்பன் தாள் வைத்து எழுதிய ரசீதை வாங்கி, இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபிறகுதான் பெஞ்சியில் உட்காருவார், "வரி கட்டியாச்சுங்க, இனிப் பேசலாமுங்களா" என்று ஆரம்பிப்பார். எங்கள் தெரு விளக்கு, சந்தின் சாக்கடை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிற்கும் தண்ணீர், எல்லாம் வரிசையாக வரும், குரல் ஏறாது, எழுத்தர் குறித்துக்கொள்வார், சில நடக்கும், சில அடுத்த அரையாண்டுக்கும் அதே வரிசையில் வரும். வீட்டுக்கு வந்ததும் ரசீதைக் கம்பியில் குத்துவார், அவர் போனபிறகு அந்தக் கம்பியை எடுத்துப் பார்த்தோம், எல்லாத் தாளிலும் மஞ்சள் ரேகை.

இதில் ஒரு விஷயம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது, அந்த ஆண்டுகளில் நகராட்சியில் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. 1986இல் தேர்தல் நடக்கும்வரை நெடுங்காலம் அதிகாரிகள் ஆட்சிதான், ஆனாலும் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார், பதவி போய் எத்தனையோ வருஷமான பின்னும் எல்லோருக்கும் அவர் கவுன்சிலர்தான், திண்ணையில் ஈசிசேர் போட்டு உட்கார்ந்து, பொடி போட்டுக்கொண்டே, குறை சொல்ல வந்தவர்களுக்குத் துண்டுச்சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுப்பார், சில சமயம் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே அலுவலகத்துக்கு நடந்தும் வருவார். அதிகாரம் ஏதுமில்லாத அந்த மனிதருடைய சீட்டு செல்லுபடியானது எப்படி என்று கேட்டால், அவர் வீடு எங்கே இருக்கிறதென்று ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பழைய காலத்தைப் பற்றி இப்படிப் பேசும்போது அலுமினிய டம்ளர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தெருக்கூட்ட வருகிற அம்மாளுக்கு அப்பத்தா கோடையில் மோர் கொடுப்பாள், உப்பும் கறிவேப்பிலையும் போட்டு, தாராளமாகவே கொடுப்பாள், அந்த அம்மாளின் பேர், மகள் எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள், பேரனுக்கு என்ன காய்ச்சல் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனால் அந்த டம்ளர் மாட்டுக்கொட்டகை மாடத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும், வீட்டுக்குள் வராது. இன்றைக்கு எங்கள் தெருவைக் கூட்டுகிறவர்கள் ஒப்பந்தக் கம்பெனி கொடுத்த பச்சைக் கோட்டில் வருகிறார்கள், மாதத்துக்கொரு முகம், யாருக்கும் யார் பேரும் தெரியாது, மோரும் இல்லை, தனி டம்ளரும் இல்லை, இதை முன்னேற்றம் என்று எழுதிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னையில், வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே என்று தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அந்த வெள்ளைக் கட்டடத்தைவிட அதன் முன்னால் நிழலில்லாமல் உட்கார்ந்திருந்த வயதான பெண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்பன் மாளிகை என்றதும் திருவல்லிக்கேணி வந்துவிடுகிறது, கல்லூரிக்குப் போன நாட்களில் அங்கே ஒரு குறுகிய சந்தில் மாடி அறையில் இருந்தேன், கடல் காற்றில் சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும், விடிவதற்கு வெகுநேரம் முன்பே கீழே அடிபம்ப்பின் சத்தம் தொடங்கிவிடும், வீட்டுக்காரப் பாட்டி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு அடிக்கு ஒரு முனகல் என்று தாளம் தவறாமல் அடித்து, வாளிகளையும் தவலைகளையும் நிரப்பி வெள்ளைத்துணி போட்டு மூடி வைப்பார், குடித்தனக்காரர்களுக்கும் பங்கு உண்டு, அளவு மட்டும் அவர் கண்ணளவு. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மூத்தது, அதற்கு 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை, ஒரு தலைமுறை முழுக்க மேயர் முகம் பார்க்காமலே வளர்ந்து வோட்டுரிமை வாங்கிவிட்டது. ஒருநாள் தெருக்குழாய் உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தபோது, கவுன்சிலரிடம் சொல்லலாமே என்று நான் ஈரோட்டுப் பழக்கத்தில் சொன்னேன், பாட்டி சிரித்துவிட்டு, "எங்க கவுன்சிலரா, மன்றத்தைக் கலைச்சப்புறம் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி, பேரன் எடுத்து, அவனும் காலேஜ் போறாம்பா" என்றார், சொல்லிக்கொண்டே உடைந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார், அந்தக் கட்டு நான் அறையைக் காலிசெய்யும்வரை தாங்கியது.

1993இல் அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, தமிழ்நாட்டில் அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில். அப்போது நான் காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் இருக்கிற அம்மாயி ஊரில் இருந்தேன், நெல் அறுத்த வயலின் வாசனையும் சாணிப்புகையும் கலந்த சாயங்காலங்களில் வேட்பாளர்கள் வாசல் வாசலாக வருவார்கள், வார்டுக்கு ஒரு சீட்டு, தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று ஒரே ஆளுக்கு நாலு வோட்டு, அம்மாயிக்கு அந்தக் கணக்கில் அக்கறையில்லை. வெற்றிலை இடிப்பதை நிறுத்தாமலே வந்தவர்களை எல்லாம் ஒரே கேள்வி கேட்பாள், "தண்ணி எத்தனை மணிக்குச் சாமி உடுவீங்க?" கொள்கை, கட்சி, சாதி, வேட்பாளரின் தாத்தா பெருமை எதுவும் அவள் காதில் ஏறாது, மணி சொன்னவருக்கு வோட்டு. ஜெயித்தது ஒரு பெண், நாற்காலியில் உட்கார்ந்தது அவர் வீட்டுக்காரர், அது ஊர் வழக்கம் போலத்தான் நடந்தது, ஆனால் அம்மாயி அலுவலகத்துக்குப் போகவில்லை, கொல்லை வழியாகச் சமையலறைக்குப் போய், அரிசி புடைத்துக்கொண்டே தலைவரம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள், நடுச்சாமத்தில் வந்துகொண்டிருந்த தண்ணீர் அடுத்த வாரத்திலிருந்து காலையில் வர ஆரம்பித்தது. வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த காலனிக்கு மட்டும் அப்போதும் கடைசியில்தான், தொட்டியில் மிச்சம் இருந்தால்தான், அம்மாயியின் கேள்வி அந்தத் தூரம் போகவில்லை. அதே சட்டத்தின்கீழ் மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவராக உட்காரப் பத்து வருஷம், 2006 வரை ஆனது, சட்டம் ஒரு நாளில் அமலுக்கு வருகிறது, ஊர் தன் வேகத்தில் வருகிறது.

இப்போது ஈரோட்டுக்குப் போனால் மஞ்சள் வாசனை சில தெருக்களில் மட்டும், ஊர் 2008இல் மாநகராட்சி ஆனது, சூரம்பட்டியும் வீரப்பன்சத்திரமும் காசிபாளையமும் பெரியசேமூரும் 2011இல் அதற்குள் வந்தன, அறுபது வார்டு, நாலு மண்டலம், குழாய் மேடை இருந்த இடத்தில் செல்போன் கடை. நான் இருக்கிற ஊரும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது, வரியும் வளர்ந்திருக்கிறது, 2022இல் மாநிலம் முழுக்கச் சொத்து வரி உயர்ந்தபோது சின்ன வீடுகளுக்கே கால்பங்கு கூடியது, கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை, கட்டியபின் யாரிடம் பேசுவது என்பதில்தான் சிக்கல். தெருவிளக்கு எரியவில்லை என்று செயலியில் படத்தோடு புகார் போட்டேன், மறுநாளே "தீர்வு காணப்பட்டது" என்று செய்தி வந்தது, வாசலில் நின்று இருட்டில் அந்தச் செய்தியைப் படித்தேன், போன் வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

சென்ற அரையாண்டு வரியை ஆன்லைனில் கட்டாமல் நேரில் போனேன். ஏசி போட்ட அறை, எந்த வாசனையும் இல்லை, கவுண்டரில் இருந்த பெண் பிள்ளை "வீட்லேர்ந்தே கட்டலாமே சார், எதுக்கு அலையுறீங்க" என்று உண்மையான கரிசனத்தோடு கேட்டது, ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வரி கட்டியாச்சும்மா, இனி யார்கிட்ட பேசணும் என்றேன், சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடைக் காட்டியது. ஸ்கேன் செய்யவில்லை, ரசீதில் இருந்த வார்டு எண்ணை வைத்து விசாரித்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்கு நடந்தேன், இரண்டே தெரு தள்ளி, வயதில் இளையவர், திண்ணை இல்லாத வீடு, வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினார், ஆனால் லைன்மேனுக்கு என் முன்னாலேயே போன் போட்டார், "ஏரியா சபைக்கு வாங்கண்ணா, யாருமே வர்றதில்லை" என்றும் சொன்னார். போனேன், வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவரோடு வந்தவர்கள்தான், விளக்கு எரிகிறது, சாக்கடை அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறது.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது, ஐந்து வருஷத்துக்கு மேல் வெறும் நாற்காலி. கிராமங்களில், ஈரோடு உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில், 2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். நகர மன்றங்களுக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு நிறைகிறது. சட்டமன்றத்துக்கு ஒருநாள் தேர்தல் தள்ளிப்போனால் சும்மா இருக்க மாட்டோம், வார்டுக்கு வருஷக்கணக்கில் தள்ளிப்போனாலும் டீக்கடையில்கூட யாரும் கேட்பதில்லை. உங்கள் வார்டு எண் வீட்டு வரி ரசீதில் அச்சாகியிருக்கிறது, ஏரியா சபையோ கிராம சபையோ அடுத்து என்றைக்குக் கூடுகிறது என்று விசாரித்துப் போய் உட்காருங்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு என்பதோடு, தேர்தல் எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.