எண்ணும் பெயரும்

மார்த்தாண்டம் என்று இன்று வழங்கும் ஊருக்குத் தொடுவெட்டி என்பது பழம்பெயர். அங்குள்ள சந்தையைத் தொடுவெட்டிச் சந்தை என்றே முதியோர் கூறுவர். வாழைக்குலை விற்க வருவோர் எப்பெயரைச் சொல்லி வழி கேட்பினும் ஒரே சந்தையைத்தான் சென்றடைவர். அட்சரேகை, தீர்க்கரேகைகளின் எண்களைச் சொல்லி வழி கேட்பார் ஒருவரும் இலர். எண்ணை மனம் எளிதில் நழுவவிடும், பெயரையோ பற்றிக்கொள்ளும்.

கணினி வலையிற் சேர்ந்த ஒவ்வொரு பொறிக்கும் எண்ணாலாகிய முகவரி உண்டு. அவ்வெண்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பின், பிறர் பொதுவில் வைத்த பொருளை எடுத்துப் பயன்கொள்வோர் மிகச் சிலரே ஆவர். அமெரிக்காவில் ‘அர்ப்பாநெட்’ என்னும் வலை வளர்ந்த 1970களில், கணினிகளின் பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியலொன்றை ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் காத்துவந்தனர். ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொள்வர். கணினிகள் பெருகவே, ஒரே பட்டியல் ஈடுகொடாதாயிற்று. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார், அப்பட்டியலைப் பல இடங்களுக்குப் பகுத்தளிக்கும் முறையை வகுத்தார். ஒரு கணினி தான் அறியாத பெயரை மற்றொன்றிடம் வினவும். அஃதும் அறியாதாயின், அறியக்கூடிய இடத்தைச் சுட்டும். அயலூரான் கடைக்குக் கடை கேட்டுச் செல்வது போன்றதே இது. பொறி மாறி எண் மாறினும் பெயர் மாறாதிருப்பது இம்முறையின் சிறப்பு. தொடுவெட்டியிலோ இடம் நிலைத்தது, பெயர் மாறிற்று!

1989இல், ஜெனீவாவை அடுத்த ‘செர்ன்’ ஆராய்ச்சிக்கூடத்தில், வெவ்வேறு கணினிகளிற் சிதறிக் கிடந்த குறிப்புகளை இணைக்க டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்டம் வரைந்தார். ஏட்டில் ஒரு சொல்லைத் தொட்டால், அது சுட்டும் மற்றோர் ஏடு திறக்கும். உலகளாவிய வலை இதனின்று பிறந்தது.

அதே ஏரிக்கரையிலுள்ள லோசான் நகரில் பணிபுரிந்த கு. கல்யாணசுந்தரம் முதலானோர், 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பல நாட்டுத் தமிழன்பர் ஊதியம் பெறாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு வலையில் வைத்தனர். வைத்தும் என்ன? அக்காலத்தில் எழுத்துருக்கள் பலவும் தத்தம் குறியீட்டையே கொண்டிருந்தன. உரிய எழுத்துரு இல்லாதவர்க்குத் திருக்குறளும் பொருளற்ற கிறுக்கலாகவே தோன்றிற்று. வாயிலைக் கண்டும் திறவுகோல் இல்லாதார் நிலை அது. ஒருங்குறி என்னும் பொதுக் குறியீடு பரவிய பின்னரே அவ்விடர் நீங்கிற்று. இன்று மார்த்தாண்டத்து மாணவி ஒருத்தி நூலின் பெயரைத் தமிழிலேயே எழுதித் தேடலாம். அந்நூல் எந்நாட்டுப் பொறியில் உள்ளதென அவள் அறிய வேண்டுவதில்லை.

முகவரிப் பெயரையும் தமிழில் எழுத இயலும். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என முடியும் முகவரிகளுக்கு இடம் தரப்பட்டுள்ளது. ஆயினும் தமிழ்நூல் காக்கும் தளங்கள் பலவும் உரோமன் எழுத்துப் பெயரையே வாயிலில் தாங்கி நிற்கின்றன.