இன்று யார் போடுகிறார்?

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஒரு வீடு. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடியும் வரை, மாலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சமையலறையிலிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும்: "இன்று யார் போடுகிறார்?" கேட்பவருக்கு பேஸ்பாலில் பெரிய அக்கறை கிடையாது. ஆனால் கணவரின் பதிலைக் கேட்டால் இரவுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு இருக்குமா, முணுமுணுப்பு மட்டும்தானா என்று தெரிந்துவிடும். 2025 ஜூன் மாத நடுப்பகுதி வரை பதில் உடனே வந்தது. அதற்குப் பிறகு அவர் சற்று யோசித்துவிட்டு, "யாரோ ஒருவர்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த மனிதருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. நியூயார்க் மெட்ஸ் அணியின் ரசிகர். டெலிவிஷனில் பார்த்தாலும் சரி, இந்தியக் கடைகள் நிறைந்த ஜாக்ஸன் ஹைட்ஸைத் தாண்டிப் போகும் 7ஆம் நம்பர் ரயிலைப் பிடித்து சிட்டி ஃபீல்ட் மைதானத்துக்கே போனாலும் சரி, கட்டம் போட்ட நோட்டில் பந்துக்குப் பந்து பென்சிலால் கணக்கு எழுதுகிறவர். அவருடைய குறை ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்து வீச்சாளர்களை நம்ப முடியவில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் குறையின் ஆழம் சட்டென்று பிடிபடாது. கிரிக்கெட்டில் ஒருவர் அடி வாங்கினால் ஓவர் முடிந்ததும் ஃபைன் லெக்குக்கு அனுப்பிவிட்டு, மாலையில் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பேஸ்பாலில் அந்த வசதி இல்லை. எடுத்தால் எடுத்ததுதான், அன்று அவர் திரும்பி வர முடியாது. ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். தொடங்குபவர் அதில் ஆறு ஏழு இன்னிங்ஸைத் தாங்கினால், மிச்சத்தை புல்பென் என்று அழைக்கப்படும் மாற்று வீச்சாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் நான்காவது இன்னிங்ஸில் களைத்து வெளியேறினால் நாலைந்து பேரின் கை அன்றே செலவாகிவிடும். சீசனில் 162 ஆட்டங்கள்; கிட்டத்தட்ட தினமும் ஒன்று. செவ்வாய்க்கிழமை வாங்கிய கடனை வியாழக்கிழமை வட்டியோடு கட்ட வேண்டும். அதனால்தான் ஐந்து பேரை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நான்கைந்து நாள் ஓய்வு கொடுத்துச் சுழற்றுகிறார்கள். ஐவரில் இருவர் சரியில்லை என்றால் சமாளித்துவிடலாம். யார் சரியாக இருப்பார் என்றே தெரியாவிட்டால்?

"மோசமான பந்து வீச்சைப் பொறுத்துக்கொள்வேன். மோசம் என்று தெரிந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம். இன்று தங்கம், அடுத்த வாரம் தகரம் என்றால் மனுஷன் என்ன செய்வது?" என்கிறார் பேருந்துக்காரர்.

அவர் கெட்டுப்போனதற்கு ஒரு காரணம் 1985. அந்த வருடம் மெட்ஸுக்காக ட்வைட் குடென் என்ற இருபது வயதுப் பையன் 24 ஆட்டங்களை வென்றான், தோற்றது நான்கு. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவன் விட்டுக்கொடுத்தது 1.53 ரன். பதினாறு முறை, தான் தொடங்கிய ஆட்டத்தைத் தானே கடைசி வரை வீசி முடித்தான். அப்போது இவர் பள்ளி மாணவர். குடென் வீசும் நாளில் அப்பா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவார். இருவரும் பழைய ஷே ஸ்டேடியத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அதிகம் பேசிக்கொண்டதாக நினைவில்லை. பந்தடிப்பவர் மூன்று முறை ஏமாந்து வெளியேறும்போதெல்லாம் நோட்டில் ஒரு 'கே' எழுத வேண்டும். அப்பா பென்சிலை மகனிடம் நீட்டுவார். இந்த நோட்டுப் பழக்கம் அங்கிருந்து வந்தது. குடெனுக்கு அப்படியொரு வருடம் மறுபடி வாய்க்கவில்லை என்பதும், அத்தனை சின்ன வயதில் 276 இன்னிங்ஸுக்கு மேல் வீசவைத்தது அந்தக் கைக்குச் செய்த நல்லதல்ல என்று பலர் நினைப்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அவர் வேறு எதையாவது பேசத் தொடங்கிவிடுகிறார்.

2024இல் புகார் சொல்ல வழியில்லாமல் இருந்தது. லூயிஸ் செவெரினோ, ஷான் மனாயா, ஹோசே கின்டானா ஆகிய மூவரும் ஆளுக்கு 170 இன்னிங்ஸைத் தாண்டினார்கள். யாரும் மேதை இல்லை. முறை வந்தால் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். அணி நேஷனல் லீக் இறுதிச் சுற்று வரை போய் டாட்ஜர்ஸிடம் தோற்றது. அந்தக் குளிர்காலத்தில் உரிமையாளர் ஸ்டீவ் கோஹன், பந்தடிப்பவரான ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடங்களுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தார். பந்து வீச்சு என்று வந்தபோது மட்டும் கணக்குப்பிள்ளையின் கை இறுகியது. செவெரினோவும் கின்டானாவும் போய்விட்டார்கள். மனாயாவை 7.5 கோடிக்குத் திரும்ப எடுத்தார்கள். காயத்தால் நொடித்துப்போயிருந்த ஃபிராங்கி மோன்டாஸுக்கு 3.4 கோடி. யாங்கீஸ் அணியில் கடைசி ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசிவந்த கிளே ஹோம்ஸை 3.8 கோடிக்கு வாங்கி, இனிமேல் நீ தொடக்க வீச்சாளர் என்றார்கள். பேருந்துக்காரரின் பாஷையில் சொன்னால், "நூறு மீட்டர் ஓடுகிறவனைக் கூப்பிட்டு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தார்கள்."

வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டரை மாதம் அது பலித்தது. மனாயாவும் மோன்டாஸும் காயத்தோடு ஒதுங்கியிருக்க, மிச்சமிருந்தவர்கள் பிரமாதமாக வீசினார்கள். ஜூன் 11 அன்று டேவிட் பீட்டர்சன் வாஷிங்டனுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார். மறுநாள் ஜப்பானியரான கோடாய் செங்கா வீசினார். அந்த ஆட்டத்தையும் சேர்த்து அவருடைய சராசரி 1.47. ஆறாவது இன்னிங்ஸில் ஒரு சாதாரணப் பந்து. முதல் பேஸைக் காக்க ஓடினார் செங்கா. பீட் அலோன்சோ எறிந்தது உயரமாக வந்தது. எம்பிப் பிடித்தார், கால் பேஸில் பட்டது, ஆள் தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். ஆட்டத்தை மெட்ஸ் வென்றது. 45 வெற்றி, 24 தோல்வி. அன்றைக்கு அமெரிக்காவிலேயே முதலிடம். வீட்டில் யாரும் கை தட்டவில்லை.

அதற்கடுத்த நாளிலிருந்து தொடர்ந்து ஏழு தோல்விகள். டைலர் மெகிலுக்கு முழங்கை போயிற்று. கிரிஃபின் கேனிங்கின் குதிகால் நரம்பு ஆடுகளத்திலேயே அறுந்தது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை ஆறு இன்னிங்ஸை முடித்த மெட்ஸ் தொடக்க வீச்சாளர் பீட்டர்சன் ஒருவர்தான். மற்றவர்கள் நான்கில், நாலரையில் திரும்பினார்கள். அந்த வீட்டில் இதற்கொரு அளவுகோல் உண்டு: இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடிக்கும்போது, தொடங்கியவரே இன்னும் வீசிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கோடையில் பெரும்பாலான நாட்களில் தட்டில் சாப்பாடு இருக்கும்போதே புல்பென் கதவு திறந்தது.

ஜூலை 31, வீரர்களை மாற்றிக்கொள்ள லீக் கொடுக்கும் கெடு. பேருந்துக்காரர் நாள் முழுக்க டிரான்சிஸ்டர் போல செல்போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அணியின் தலைமை நிர்வாகி டேவிட் ஸ்டெர்ன்ஸ் அதற்கு முன்பும் அன்றுமாக மூன்று மாற்று வீச்சாளர்களையும் ஒரு சென்டர் ஃபீல்டரையும் வாங்கினார். தொடக்க வீச்சாளர் ஒருவர்கூட இல்லை. கூரை ஒழுகுகிற வீட்டுக்கு மூன்று வாளி வாங்கி வந்ததைப் போல இருந்தது அவருக்கு.

இங்கேதான் மகன் குறுக்கே வருகிறார். கனெக்டிகட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் புள்ளிவிவர வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். அம்மாவிடம் மற்றதெல்லாம், அப்பாவிடம் பேஸ்பால். "அப்பா, நீங்கள் 1985லேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்போது எல்லா அணியிலும் சராசரி ஐந்து இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் மேலேதான். ஒரே ஆளை மூன்றாவது முறை சந்திக்கும்போது பந்தடிப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. அதற்குள் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்."

மகன் சொல்வதில் தப்பில்லை. எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஐந்து இன்னிங்ஸ் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்து மாற்றுவது வேறு, நான்குக்கு மேல் முடியாது என்று கை முடிவு செய்வது வேறு. முதலாவது திட்டம். இரண்டாவதற்கு வேறு பெயர். 2025 மெட்ஸ் முதலாவதை நினைத்துக் கட்டப்பட்டு, இரண்டாவதில் போய் நின்றது.

மகனிடம் இன்னொரு ஆயுதமும் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அப்பா வாங்கச் சொன்னது யாரை? கார்பின் பர்ன்ஸை. அரிசோனா அவருக்கு 21 கோடி டாலர் கொடுத்தது. ஜூனில் முழங்கை அறுவைச் சிகிச்சை, சீசன் அத்தோடு சரி. அப்பா விடவில்லை. மேக்ஸ் ஃப்ரீட்? அதே ஊரின் யாங்கீஸ் 21.8 கோடிக்கு அவரை எடுத்தது. 19 வெற்றி, ஐந்து தோல்வி. இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் தப்பு. மனிதக் கையை நம்பிப் பணம் போடுவது சூதாட்டம் என்றால், போடாமல் இருப்பதும் இன்னொரு சூதாட்டம்தான் என்பதை அந்த இரண்டு ஒப்பந்தங்களும் காட்டுகின்றன. போன் அன்று வழக்கத்தைவிட நீண்ட நேரம் போயிற்று. இருவருக்கும் அதில் மகிழ்ச்சி என்பதை இருவருமே காட்டிக்கொள்ளவில்லை.

செங்கா திரும்பி வந்தார். பழைய செங்கா வரவில்லை. காயத்துக்குப் பிந்தைய ஒன்பது ஆட்டங்களில் அவர் சராசரி 5.90. செப்டம்பரில் அவரே சம்மதித்துக் கீழ்நிலை அணிக்குப் போனார். மனாயா 5.64. மோன்டாஸ் 6.28, பிறகு அவருக்கும் முழங்கை. கை கொடுத்தவர், ஓட்டப்பந்தயக்காரர் என்று கேலி செய்யப்பட்ட அதே ஹோம்ஸ்: 12 வெற்றி, 165 இன்னிங்ஸுக்கு மேல். இதை ஒப்புக்கொள்ளப் பேருந்துக்காரருக்குச் சில வாரங்கள் பிடித்தன. இளைஞர்கள் மூன்று பேரை இறக்கினார்கள். நோலன் மெக்லீன் வந்த வேகத்தில் எட்டு ஆட்டங்களில் 2.06. ஜோனா டோங் முதல் ஆட்டத்தில் அணி அடித்துக் குவித்த 19 ரன்களோடு ஜெயித்தார். இரண்டு வாரம் கழித்து, முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியாமல் ஆறு ரன் கொடுத்துத் தலை குனிந்து நடந்தார். தங்கம், தகரம்.

செப்டம்பர் 28, கடைசி நாள், மயாமி. முந்தைய நாள் ஹோம்ஸ் ஆறு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசி அணியை உயிரோடு வைத்திருந்தார். ஞாயிறன்று முறை மனாயாவுடையது. இரண்டாவது இன்னிங்ஸ் முடியும் முன்பே மாற்றிவிட்டார்கள். நான்காவது இன்னிங்ஸில் மயாமி நான்கு ரன் எடுத்தது, ஆட்டம் 4-0 என்று முடிந்தது. 83 வெற்றி, 79 தோல்வி. சின்சினாட்டிக்கும் அதே 83, அதே 79. தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் அதிகம் வென்றிருந்ததால் அந்த அணி அடுத்த சுற்றுக்குப் போனது. அன்று சின்சினாட்டியும் தோற்றிருந்தது. மெட்ஸ் ஒரே ஒரு ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருந்தால் போதும். கோஹன் ரசிகர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அன்று மாலை மகன் போன் செய்தபோது பேருந்துக்காரர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு ஆட்டம் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். 79 தோல்விகளில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அதில் அர்த்தமில்லை என்றார் மகன்.

"ஜூன் 13" என்றார் அப்பா.

செங்கா விழுந்ததற்கு மறுநாள். டாம்பா பேயோடு. ஹோம்ஸ் ஐந்து இன்னிங்ஸ் வீசியிருந்தார், மெட்ஸ் 5-1 முன்னிலை. போட்ட பந்துகள் எண்பதைக்கூட எட்டவில்லை. எடுத்துவிட்டார்கள். ஆறாவது இன்னிங்ஸில் டாம்பா ஆறு ரன். அப்பா ஒவ்வொரு பந்தாக வாசித்துக்கொண்டு போனார். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"ஐந்தாவது இன்னிங்ஸில் கடைசி ஆளை எத்தனை பந்தில் அவுட் ஆக்கினார்?" என்றார் மகன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை விளக்குக்கு அருகில் கொண்டு போனார்.