குடவோலையும் ஆட்டப் பட்டியலும்

காப்பியங்களையும் கல்வெட்டுகளையும் ஆராயும் கட்டுரைகளுக்கு நடுவே, ஒன்பதடி நீளமும் ஐந்தடி அகலமும் உடைய ஒரு மேசைக்கு இடமுண்டோ என்று வினவுவார் இருக்கலாம். இருக்கட்டும். கொழிஞ்சாம்பாறையில் பிறந்து, மூணாற்று மலைகளில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் முப்பத்தோராண்டு தமிழாசிரியனாய்ப் பணியாற்றியவன் நான். மட்டையைப் பிடித்து ஆடி வென்றவனல்லன். எனினும், கணக்குத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்தால், தோட்டத் தொழிலாளர் மன்றமொன்று ஆண்டுதோறும் நடத்திய மேசைப்பந்தாட்டப் போட்டிக்கு ஆட்டப் பட்டியல் வரையும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. யார் யாருடன் ஆடுவது, யாரைப் போட்டியில் சேர்ப்பது என்னும் இரு வினாக்களும் அன்று தொட்டு என்னை விட்டபாடில்லை.

இவ்விரண்டு வினாக்களும் தமிழருக்குப் புதியன அல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் ஆட்சியில் ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. படிப்போர் பெரும்பாலும் அந்தச் சிறுவனின் கையையே வியந்து பேசுவர். நானோ அதற்கு முந்தைய வரிகளையே மீண்டும் மீண்டும் படித்தேன். கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும், கல்வி வேண்டும், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது. சிறுவனின் கை நடுநிலை வழுவாததுதான். ஆயினும் நிலமற்றவனின் ஓலை அக்குடத்துள் விழ வழியே இல்லை. குலுக்கலின் நேர்மை வேறு, குடத்தின் நேர்மை வேறு.

மேசைப்பந்தாட்டத்தில் முழுக் குலுக்கல் நடைபெறுவதில்லை என்பதைப் பலர் அறியார். முப்பத்திருவர் ஆடும் போட்டி என்று கொள்வோம். தோற்றவர் வெளியேற வேண்டும் என்றால் ஐந்து சுற்றுகள், முப்பத்தோர் ஆட்டங்கள். எல்லாப் பெயர்களையும் குடத்திலிட்டுக் குலுக்கினால், தலைசிறந்த இருவர் பட்டியலின் ஒரே பாதியில் விழுந்து, இறுதியாட்டத்திற்கு முன்பே மோதிக்கொள்ளும் வாய்ப்பு 31இல் 15, ஏறத்தாழச் சரிபாதி. இறுதிநாளில் காசு கொடுத்து வருவோர் இதனைப் பொறுப்பாரோ? ஆகவே முதல் தரவரிசையினரைப் பட்டியலின் உச்சியிலும் இரண்டாமவரை அடியிலும் நிறுத்துகின்றனர். மூன்றாமவரும் நான்காமவரும் இரு பாதிகளுக்கும் ஒருவராகச் சீட்டில் பிரிகின்றனர். அடுத்த நால்வரும் அவ்வாறே கால்பகுதிக்கு ஒருவராக அமைகின்றனர். ஆட்டக்காரர் தொகை முப்பத்திரண்டுக்குக் குறைந்தால், எஞ்சும் வெற்றிடங்கள் மேல்நிலையினருக்கே வாய்க்கும். ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் அந்தச் சலுகையை ‘பை’ என்பர். ஒரே சங்கத்தைச் சேர்ந்தோர் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதவாறு பிரித்து வைக்கும் வழக்கமும் உண்டு. இவ்வளவும் முடிந்த பின்னரே மற்றவர் பெயர்கள் குடத்துக்குப் போகின்றன.

1998ஆம் ஆண்டில் என் மாணவி ஒருத்தி மாநில அளவிலான போட்டியொன்றிற்குச் செல்ல விரும்பினாள். லயத்து வீட்டுப் பெண். தாய் கொழுந்து கிள்ளுபவர். தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மன்றத்து மேசையில் ஆண்பிள்ளைகளை அடுக்கடுக்காய்த் தோற்கடித்தவள். அவளைப் போட்டியில் சேர்ப்பது, அவள் ஆடக் கற்றதைவிடக் கடினமாயிற்று. முதல் கேள்வி, எந்த மாநிலத்தின் சார்பில் என்பது. பாட்டனார் பிறந்த ஊர் போடிக்கு அருகில். போடிமெட்டு வளைவுகளில் இறங்கினால் தமிழ்நாடு. ரேஷன் அட்டையோ கேரளத்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. எங்கள் பாலக்காட்டுப் பகுதியும் அவ்வாறே சேர்ந்தது. அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி. விளையாட்டுச் சங்கங்கள் இத்தகைய இரட்டை வாழ்வை ஏற்பதில்லை. ஒருவர் ஒரு சங்கத்தின் பெயரிலேதான் ஆட முடியும். நான் அதைக் குறை கூறமாட்டேன். விதி இல்லையெனில் வசதியுடையோர் ஆண்டுக்கொரு கொடி மாற்றுவர். உலக அளவிலும் அது நேர்ந்தது. சீனத்தில் பயின்றோர் பற்பல நாடுகளின் சட்டையணிந்து உலகப் போட்டிகளில் ஆடவே, 21 அகவை நிரம்பியபின் நாடு மாறுபவர் உலகப் பட்டப் போட்டிகளில் புதிய நாட்டிற்காக ஆடவியலாது என்றும், அதற்கு இளையோர் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றும் பன்னாட்டுச் சம்மேளனம் 2008இல் விதி வகுத்தது.

அடுத்தது வயதுச் சான்று. தோட்ட மருத்துவமனை ஏட்டில் ஒரு பெயர்; பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் முதலெழுத்தோடு வேறொரு பெயர். இரண்டும் ஒருவரே என்று எழுதித்தர ஓர் அலுவலகம் மூன்று முறை அலைய வைத்தது. மூன்று நாட்களும் அவள் தந்தைக்குக் கூலி இல்லை. விண்ணப்பம் இறுதி நாளன்று பிற்பகலில் சேர்ந்தது.

ஆட்டப் பட்டியல் வந்தபோது அவள் பெயர் முதல் வரிசைக்காரியின் பெயருக்கு நேர் கீழே இருந்தது. முப்பத்திருவரில் எண்மர் தரவரிசையினர், மீதி இருபத்துநால்வர். அவ்விருபத்துநால்வரில் ஒருத்தி முதல்வரிசைக்காரியை முதற் சுற்றிலேயே எதிர்கொள்ளும் வாய்ப்பு 24இல் ஒன்று. எண்மரில் எவரேனும் ஒருவரை எதிர்கொள்ளும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. அந்த 24இல் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. 21 புள்ளி முறை நடந்த காலம் அது. 9–21, 14–21 என்ற கணக்கில் தோற்றாள். இரவுப் பேருந்தில் திரும்பும்போது அவள் தந்தைக்கு இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டார்: “வாத்தியாரய்யா, இருபத்துநாலுல ஒண்ணுங்கிறீங்க. அது ஏன் எப்பவும் நம்ம பக்கமே விழுது?”

கல்லாதவர் கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தரவரிசை எதனால் வருகிறது? முன் ஆடிய போட்டிகளால் வருகிறது. அப்போட்டிகள் பேருந்து வசதியும் உள்ளரங்கும் உடைய நகரங்களில் நடக்கின்றன. வழிச்செலவும் தங்கும் செலவும் உடையவர் நான்கு போட்டிகளில் ஆடி வரிசை பெறுவர். மலையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை இறங்குபவள் என்றென்றும் வரிசையில்லாதவளாகவே குடத்துள் கிடப்பாள். சீட்டு எடுத்த கையில் சூதில்லை. இருந்தும் அவர் சொன்னதில் பிழையுமில்லை.

பெண்ணோ இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. “சார், அந்த அக்கா சர்வீஸ் போடறப்ப கையால மறைச்சுக்கறாங்க. எந்தப் பக்கம் வெட்டுறாங்கன்னு ரெண்டாவது செட்டுலதான் பிடிபட்டுச்சு” என்றாள். ஒன்பது பதினான்கானது அதனாலேயே. பந்தில் மட்டை படும் இடத்தைக் கையாலோ உடலாலோ மறைப்பது அந்நாளில் தவறன்று. 2002இல்தான் அது தடைசெய்யப்பட்டது. 21 புள்ளி என்பது 11 ஆனதும் அதற்குச் சற்று முன்னர், 2001இல்.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. மாற்றான் வலியை அறிதல் இவ்வாட்டத்தில் எத்துணை விந்தையானது என்பதற்குப் பம்பாயில் 1952இல் நடந்த உலகப் போட்டி ஒன்றே போதும். சப்பானியர் ஹிரோஜி சாட்டோ தடித்த பஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்தார். அதுகாறும் ஆட்டக்காரர்கள் பந்து மட்டையில் படும் ஒலியைக் கொண்டும் அதன் விசையைக் கணித்துவந்தனர். பஞ்சு அவ்வொலியை விழுங்கிற்று. பெரும்பெயர் பெற்ற வீரர்கள் செவியிழந்தார்போலத் திகைத்துத் தோற்றனர். இறுதியில் அங்கேரியின் கோட்சியானையும் வீழ்த்திச் சாட்டோ பட்டம் பெற்றார். 1959இல் பன்னாட்டுச் சம்மேளனம் மட்டையின் மேலுறைத் தடிப்புக்கு வரம்பு கட்டியது. பின்னாளில் இருபுறமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு இயல்புடைய ரப்பரை ஒட்டி, நொடிப்பொழுதில் மட்டையைப் புரட்டி எதிரியை மயக்கும் வித்தை பெருகவே, ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் சிவப்பும் வேண்டும் என்ற விதி 1986இல் வந்தது. எவரேனும் ஒருவர் புது வழி கண்டு வெல்வதும், பின்னே விதி வந்து அவ்வழியை அடைப்பதும் இவ்வாட்டத்தின் வரலாறு நெடுக நிகழ்ந்திருக்கின்றன.

இன்றும் அவ்வித்தை முற்றும் மறையவில்லை. 2024 பிப்ரவரியில் கொரியாவின் பூசான் நகரில் நடந்த உலக அணிப் போட்டியில், அன்று உலகின் முதல் வரிசையில் இருந்த சீனத்துச் சுன் யிங்சாவை நம் ஐஹிகா முகர்ஜி வென்றார். அவர் மட்டையின் ஒருபுறத்து ரப்பர், வரும் பந்தின் சுழற்சியை எதிராளி எதிர்பாராத விதத்தில் திருப்பித் தருவது. அதே நாளில் ஸ்ரீஜா அகுலா வாங் யீடியை வீழ்த்தினார். இந்தியா இரண்டுக்கு மூன்று என்று தோற்றது. ஆயினும் சீனத்தின் நெற்றியில் வியர்வை கண்ட நாள் அது. அணிப் போட்டியில் யார் யாரை எதிர்ப்பது என்பதைக் குடம் முடிவு செய்வதில்லை. இரு தலைவர்களும் ஒருவர் பட்டியலை மற்றவர் அறியாமல் எழுதித் தருகின்றனர். தரவரிசையில் தாழ்ந்தவளாயினும் அவள் ஆட்டமுறை இன்னாருக்கு ஒவ்வாது என்று ஊகித்து முன்னிறுத்துவது தலைவரின் திறம். தனியாட்டத்தில் அந்தத் துணை கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 சூலையில், 39 அகவையில் ஆடிய சென்னை சரத் கமலுக்கு மூன்றாம் சுற்றில் வாய்த்தவர் மா லாங். ஒரு செட்டை வென்றும், மற்றொன்றை 11–13 வரை இழுத்தும், சரத் தோற்றார். மா லாங் தங்கம் பெற்றார். பட்டியலின் வேறு மூலையில் சரத்தின் பெயர் விழுந்திருந்தால்? இத்தகைய ‘இருந்தால்’களை நான் என் மாணவர்க்குத் தடைசெய்திருந்தேன், எனக்கு நானே தடைசெய்துகொள்ள முடிந்ததில்லை.

பெரும்போட்டிகளின் நுழைவு விதியும் உத்திரமேரூரை நினைவூட்டுவதே. உலகத் தரவரிசையால் நேரே நுழைவோர் ஒரு சாரார்; தகுதிச் சுற்றுகளில் ஆடி வென்று நுழைவோர் மற்றொரு சாரார்; போட்டியை நடத்தும் நாட்டின் பரிந்துரையால் ‘வைல்டு கார்டு’ பெற்று நுழைவோர் சிலர். ஒலிம்பிக்கிலோ, 2008இல் பெய்சிங்கில் ஒற்றையர் பதக்கம் ஆறனையும் சீனரே அள்ளிக்கொண்டபின், நாட்டுக்கு மூவர் என்றிருந்ததை 2012 முதல் இருவர் என்று குறைத்துவிட்டனர். நான்காம் வரிசைச் சீனர் உலகில் எத்துணை வல்லவராயினும் வீட்டிலிருந்து பார்க்க வேண்டியதுதான். கால் வேலி நிலம் இல்லாதவனின் நிலை வல்லவனுக்கும் வரக்கூடும் என்பது வேடிக்கையான நீதி!

2025 மார்ச்சு 25 முதல் 30 வரை சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் உலக மேசைப்பந்தாட்டத் தொடரின் போட்டியொன்று நடந்தது. சரத் கமலின் கடைசிப் போட்டி அது என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். 2023 முதல் போடியிலிருந்தே சென்னைக்கு இரயில் இருப்பதால், மலையிறங்கினால் போதும். அந்த மாணவியும் உடன் வந்தாள். இப்போது அவள் பாலக்காட்டு எல்லையில் கணவன் ஊரில் வசிக்கிறாள். மாலைநேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கக் கற்பிக்கிறாள். பத்து முறை தேசியப் பட்டம் வென்ற சரத்தை அன்று எதிர்த்து நின்றவர் அயல்நாட்டார் அல்லர். நம் நாட்டு இளைஞர் சினேகித் சுரவஜ்ஜுலா. மூன்று செட்டும் நேராக இளைஞருக்கே போயின. அரங்கமே எழுந்து நின்று கைதட்டிற்று. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர்.

என் மாணவி அழவில்லை. மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, இளைஞர் எந்த சர்வீசை எத்தனை முறை எங்கே போட்டார் என்று கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, “அடுத்த மாசம் நம்ம பிள்ளைங்க நாலு பேரு மாவட்டப் போட்டிக்குப் போறாங்க சார். நாலு பேருக்கும் சான்றிதழ்ல பேரு ஒரே மாதிரி இருக்கான்னு போன வாரமே பார்த்துட்டேன்” என்றாள்.