நான் எழுதாமல் விட்ட பத்தி

சிறுதொழில் செய்பவர்களுக்குப் பயன்படும் என்று சொல்லி நான் பல ஆண்டுகள் எழுதிய தொடர் அவர்களுக்குப் பயன்படவில்லை. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோதே எனக்கு அது ஓரளவு தெரியும். அதனால்தான் இதை ஒப்புதல் வாக்குமூலம் என்கிறேன்.

கோவையில் தொழில்முனைவோருக்காக வந்த ஒரு மாத இதழில் மாதம் ஒரு வெற்றிக் கதை எழுதுவது என் வேலை. பம்ப் செட் உதிரிபாகம் செய்பவர், கிரைண்டர் கல் கொத்துபவர், மசாலாப் பொடி அரைத்து விற்கும் அம்மா என்று ஆட்கள் மாறுவார்களே தவிர கதை மாறாது. ஏழைக் குடும்பம், பாதியில் நின்ற படிப்பு, அடகு வைத்த நகை, முதல் ஆர்டர், இன்று இத்தனை பேருக்குச் சம்பளம். மெஷின் முன்னால் கைகட்டி நிற்கும் ஒரு படம். வெறுங்கையால் முழம் போட்டவர்கள் என்று தலைப்பு வைக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெரிய ஆட்களைப் பற்றி எழுதினாலும் இதே கதைதான். அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் 1970இல் ராயபுரத்தில் 13,000 ரூபாயில் தொடங்கினார் என்று எழுதினேன். சென்னையில் ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்த ஐஸ்கிரீம் கம்பெனிகளோடு நேரே மோதாமல் அவர் வெளியூர்களைப் பார்த்து நகர்ந்தாரே, தொழில் செய்பவனுக்கு அதுதான் பாடம். அதற்கு ஒரு வரிதான் கொடுத்தேன். கெவின்கேர் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு இறங்கியதை எழுதினேன். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வித்தை கடலூரில் அவர் அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் இருந்தது. அதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்தேன். சிறிய தொகையை முதல் வரியில் போட்டால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அப்பாவின் அனுபவத்தையும் சந்தைக் கணக்கையும் சொன்னால் 'அது அவங்களுக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்தப் பயத்தில் எழுதினேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கோவையில் கணபதி பக்கம் ஒரு லேத் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தபோது நடந்ததை நான் எழுதாமல் விட்டதுதான் உறுத்துகிறது.

தகர ஷெட்டில் நான்கு மெஷின். கட்டிங் ஆயிலும் சூடான இரும்பும் கலந்த வாசனை. மேஜையில் டெலிவரி சலான் புத்தகம், அதன் நடுவே நைந்துபோன கார்பன் தாள். பேட்டி நடுவில் அந்த முதலாளி, "ஒரு நிமிஷங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போன் போட்டார். "மேடம், போன மாசத்துக்கு முந்தின மாசம் பில்லுங்க... இன்னும் சிஸ்டத்துல ஏறலைங்களா? கிரைண்டிங் ரிஜக்‌ஷன் எதுவும் இல்லைன்னு ஸ்டோர்ஸ்ல சொன்னாங்களே... சரிங்க மேடம், செவ்வாய்க்கிழமை கூப்பிடறேனுங்க." வைத்துவிட்டு உடனே அடுத்த நம்பர். குரல் தாழ்ந்தது. "மாப்ள, சனிக்கிழமை பசங்களுக்குக் கூலி போடோணும். அந்த வளையல் இன்னும் உங்கிட்டத்தான இருக்குது? வெச்சுக் குடு, வந்ததும் மூட்டிக்கலாம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க விட்டோமுங்க?" என்றார். பத்தாவதில் ஃபெயிலான கதையில் விட்டிருந்தோம். அங்கிருந்து தொடர்ந்தோம்.

எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன். கதை ஏறுமுகமாகப் போகும்போது இப்படி ஒரு போன்கால் வந்தால் வேகம் குறைந்துவிடும் என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அது இல்லை. அந்தக் கம்பெனி எங்கள் இதழின் பின்னட்டைக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் என்னை எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படாத அளவுக்கு நான் பழகிப்போயிருந்தேன். கட்டுரை 'விடாமுயற்சியின் விலாசம்' என்ற தலைப்பில் வந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டினார் என்று கேள்விப்பட்டபோது பெருமைப்பட்டேன்.

அந்த இரண்டு போன்கால்களுக்கு நடுவே ஒரு சட்டமே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்து, ஒரு தொழில்முனைவோர் சங்கக் கூட்டத்தில் ஆடிட்டர் ஒருவர் பேசியபோது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006. நான் தொடர் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். மாதாமாதம் சிறுதொழில் பற்றி எழுதுகிறவன் சிறுதொழில் சட்டத்தை ஒருமுறைகூடப் புரட்டியதில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அரசின் உத்யம் தளத்தில் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் சரக்கு கொடுத்தாலோ வேலை செய்து கொடுத்தாலோ, வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எப்படிப் போனாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் 45தான் கணக்கு. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சேர்ந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். அதனால் டெலிவரி சலானில் தேதியோடு வாங்கும் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு. கணபதிக்காரர் அந்தச் சலான்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் பலவற்றில் வாங்கியவர் கையெழுத்து மட்டும் இருந்தது, தேதி இல்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பணம் வராவிட்டால் முறையிட மாநில அரசின் வசதியாக்கக் கவுன்சில் உண்டு. 2017இல் மத்திய அரசின் சமாதான் தளம் வந்ததிலிருந்து இணையவழியாகவே மனு போடலாம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். படிக்கும்போது இவ்வளவு பலமான சட்டமா என்று வியப்பாகத்தான் இருக்கும்.

நடைமுறை வேறு. இந்தச் சட்டத்தைப் பற்றி நான் பேச்சுக் கொடுத்த முதலாளிகளில் அனேகமாக எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "கேஸ் போட்டா பாக்கி வரும்ங்க, அடுத்த ஆர்டர் வராது." ஒரே பார்ட்டியை நம்பி நாலு மெஷின் ஓட்டுபவரிடம் போய்ச் சட்டம் பேசுவது எளிது. இதையும் சேர்த்துத்தான் நான் எழுதியிருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தயக்கமும் இருக்கிறது, அந்தத் தயக்கம் நியாயமானதுதான், அதனால் ஒரே பார்ட்டிமேல் மொத்த வேலையையும் ஏற்றாதீர்கள் என்று. ஒரு வெற்றிக் கதையின் இடத்தில் இதைப் போட்டிருந்தால் இதழ் குறைவாக விற்றிருக்குமா, தெரியாது. ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

தயக்கத்தைச் சுற்றிக்கொண்டு போக அரசு ஒரு வழி செய்தது. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் புதிதாக ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணத்தை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, ஆடிட்டரே கேட்பார். அது நடைமுறைக்கு வந்தபின் 2024 மார்ச் மாதம் கோவையில் பல பழைய பாக்கிகள் அவசர அவசரமாக வசூலானதை நானே பார்த்தேன். 'உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்' என்று சொன்ன பார்ட்டிகள் இருந்ததையும் கேட்டேன். இந்தப் பாதுகாப்பெல்லாம் உற்பத்திக்கும் சேவைக்கும்தான். 2021 முதல் வணிகர்களும் உத்யமில் பதியலாம் என்றாலும், தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு வாங்கி விற்கும் கடைக்காரருக்குக் கிடையாது. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பணம் தாமதமாவதோடு ஜிஎஸ்டியும் சேர்ந்துகொள்கிறது. பில் போட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். வராத பணத்துக்குக் கைக்காசைப் போட்டு வரி கட்டுகிறார் சிறு முதலாளி. அதே வரியை வாங்கியவர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்கிறார். 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தராவிட்டால் எடுத்ததை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்வதை மரியாதையாக ஒரு கடிதத்தில் நினைவூட்டலாம். கேஸ் இல்லை, சண்டை இல்லை. சில நேரம் வேலை செய்கிறது.

என் தொடரைப் படித்து வேலையை விட்ட ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், கடன் வாங்கி ஒரு மெஷின் போட்டிருந்தார். கையில் என் கட்டுரையின் கத்தரிப்பு. "அண்ணா, பார்ட்டி மூணு மாசமாப் பணம் தர்றதில்லைங்க. நல்லாப் பேசறாங்க, ஆனாத் தர்றதில்ல. என்ன பண்றதுங்ணா?" அப்போது எனக்கு மேலே சொன்ன எதுவும் தெரியாது. "தொழில்னா இப்படித்தான் தம்பி, பொறுமை வேணும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அதை அனுபவமின்மை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு மெஷினை விற்றுவிட்டு மில்லுக்கே திரும்பிவிட்டார். என் கட்டுரைதான் அவரைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் அதிகப்படியான மரியாதை. ஆனால் கேட்க வந்த நேரத்தில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் எழுதியும்.

ஊக்கம் கொடுப்பது தப்பா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தப்பில்லை. சுயமுன்னேற்ற எழுத்தாளர் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' படித்து நிமிர்ந்த தலைமுறையில் நானும் ஒருவன். ஆனால் அவர் மனதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி மனதைப் பற்றி எழுதினார். நான் தொழிலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிவிட்டு மனதைப் பற்றி மட்டும் எழுதினேன். வசூல், வட்டி, தேதி, கையெழுத்து எல்லாம் தொழிலில் பாதி. அந்தப் பாதி என் கட்டுரைகளில் இல்லை. அதனால் தோற்றவர்கள் எல்லோரும் தங்களிடம் முயற்சி குறைவு என்று நினைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் இதுதான் நான் செய்த பெரிய கெடுதல்.

அந்தத் தொடரைப் புத்தகமாகப் போடலாம் என்று ஒரு பதிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். கத்தரித்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆர்டர் எடுப்பதற்கு முன்பே உத்யமில் பதிந்துகொள்ளுங்கள். அந்த எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். சலானில் கையெழுத்தோடு தேதியையும் கேட்டு வாங்குங்கள். பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி கட்டுபவரானால் அந்த எண்ணும் போதும், எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. அரசுத் தளத்தில் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அந்தத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.