ஒரே ஒரு பீஸ்

ஓசூர் சிப்காட் பக்கம் பிரஸ் பிரேக்குக்கா பஞ்சம்? ஆனா அம்மாவோட இட்லிக்கடை அடுப்புக்குக் காத்து மறைக்க ஒரே ஒரு தகடு வளைக்கணும்னா, "ஒரு பீஸுக்குக் கட்டுப்படியாகாது தம்பி"ங்கறாங்க. நியாயந்தான். டை மாட்டி செட் பண்ற செலவு ஒரு பீஸுக்கும் அதேதான், ஆயிரத்துக்கும் அதேதான். காஸ்டிங் பேப்பர்ல படிச்சதாச்சே!

அதனால வீட்டுலயே செஞ்சேன். மூணு ஆங்கிள், ரெண்டு கீல், ரெண்டு சி-கிளாம்ப். கீலோட மையம் தகடு மடங்குற கோட்டுலயே வரணும், சூட்சுமம் அங்கதான். 20 கேஜ் தகடு, சுமார் 0.9 மி.மீ. 90 டிகிரியில கையை எடுத்தா லேசா நிமிர்ந்துக்கும். ரெண்டு மூணு டிகிரி கூடவே மடக்கணும்.

மறைப்பு மாட்டியாச்சு. பக்கத்து பூக்கடை அக்கா தனக்கும் ஒண்ணு கேக்கறாங்க. என்ன விலை சொல்றது மக்களே?