ஊரே தேடும்போது

மும்பையில் யாரைப் பார்த்தாலும் "டைமே இல்லைங்க" என்பார்கள். பொய்யில்லை. தாணேயில் லோக்கல் பிடித்து, காட்கோபரில் இறங்கி, மெட்ரோவில் அந்தேரி போய்த் திரும்புவதற்கே எனக்குத் தினம் 3 மணி நேரம் ஆகிறது. மனைவிக்கும் வேலை. நடுவில் சமையல், பிள்ளைகளின் டியூஷன், தண்ணீர் வரும் நேரம்...

ஊரில் இந்தக் கவலை கிடையாது. நாசரேத்தில் எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். அம்மா வேதாகமத்தைக் கையில் எடுத்தால் எல்லாரும் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும். வெளியூருக்கு வந்தபிறகு அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. நேரத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்தது காலை 5 மணியிலிருந்து 20 நிமிடம். வீடு விழிக்கும் முன், சமையலறை மேஜையில்.

அப்போது நான் அடிக்கடி எடுத்து வாசிப்பது மாற்கு முதலாம் அதிகாரம். இயேசுவின் ஒரு நாள் எப்படிப் போனது என்று அதில் பார்க்கலாம். கப்பர்நகூமில் ஓய்வுநாள். ஜெப ஆலயத்தில் போதனை. அங்கிருந்து சீமோன் வீடு, மாமியாருக்குக் காய்ச்சல். பொழுது சாய்ந்ததும் ஊரே நோயாளிகளோடு வாசலில் வந்து நிற்கிறது. மறுநாள் விடிவதற்கு வெகு முன்பே அவர் தனியிடம் போய் ஜெபிக்கிறார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிப் போய், ஊரே அவரைக் கேட்கிறது என்கிறார்கள். அவரோ திரும்பி வரவில்லை. அடுத்த ஊர்களிலும் சொல்ல வேண்டும், தான் வந்ததே அதற்குத்தான் என்கிறார்.

தனிமையில் ஜெபித்ததைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். எனக்கு அதற்கு அடுத்து நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. தேடி வந்தவர்களின் தேவை நியாயமானதுதான். ஆனாலும் எங்கே போவது என்பதை அவர்களுடைய அவசரம் முடிவு செய்யவில்லை.

போன வருடம் ஆபீஸில் இரவு ஷிப்ட் டீமுக்குப் பொறுப்பேற்கச் சொன்னார்கள். நல்ல சம்பள உயர்வு. வீட்டுக் கடன் இன்னும் 9 வருடம் இருக்கிறது. பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு. பதில் சொல்ல 2 வாரம் கொடுத்தார்கள்.

அந்த 2 வாரமும் காலையில் இதே பகுதியைத்தான் வாசித்தேன். வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. மனதில் இருந்த இரைச்சல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடைசியில் ஒரே கேள்வி மிஞ்சியது: எந்த வேலையை இன்னொருவர் செய்ய முடியும்? டீமைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். என் மகளுக்கு வேறு அப்பா கிடையாது.

மனைவியிடம் சொன்னேன். "என்னங்க, கடனை எப்படியாவது சமாளிச்சுக்கலாம். நீங்க ராத்திரி வீட்டுல இருங்க" என்றாள். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஜூனியராக இருந்தவர் அந்த இடத்துக்குப் போனார். மாதக் கடைசியில் கணக்குப் போடும்போது இப்போதும் கொஞ்சம் உறுத்தும். சமாதானம் என்றால் கஷ்டமே இல்லாமல் போவது என்று நான் நினைக்கவில்லை. உறுத்தினாலும் தூக்கம் வருகிறது, அதுதான்.

இரவு வேலையே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கள் சபையில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார்கள். மாதத்தில் பாதி நாள் நைட் ட்யூட்டி. காலையில் வீடு திரும்பும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டு, பஸ்ஸில் கண்ணை மூடி ஜெபிப்பதுதான் அவர்களுடைய நேரம். இறங்கியதும் பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டும். உங்கள் நாளிலும் அப்படி ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.